கீறல் எங்கே போனது?

அத்தியாயம் 7

பேனா மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போடக் குனிந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய உதவியாளர் பட்டாசு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தட்டிவிட்டு வரும் பழக்கம் அவளுக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

"சார், அந்தப் பேனாவ மூடுங்க."

"ஏன்?"

"மூடுங்கன்னா மூடுங்க. கையெழுத்து எங்கயும் ஓடிப் போயிடாது."

லென்ஸ் பேனாவை மூடவில்லை. ஆனால் கையை எடுத்துக்கொண்டார். தொழில் வட்டாரத்தில் அவருக்கு லென்ஸ் என்றுதான் பெயர். ஐம்பத்திரண்டு வயது, சோடாபுட்டிக் கண்ணாடி, பத்தொன்பது வருடத் துப்பறியும் தொழில். எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார் என்று ஊரே சொல்லும். அந்த ஊர்ப்பேச்சு எவ்வளவு தூரம் சரி என்பதை இந்த மதியம் தெரிந்துகொள்ளப் போகிறார், பாவம்.

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஒரு ஸ்டீல் கைக்கடிகாரம். பக்கத்தில் மூன்று பக்க அறிக்கை.

விவகாரம் இதுதான். கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுக்கையில் இருந்தார். பேச்சு போய்விட்டது. பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ். பெரியவர் முப்பது வருடமாகக் கட்டியிருந்த கடிகாரத்தில் செயின் பின் உடைந்து ஓட்டைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. மகன் சொன்னதன் பேரில் நர்ஸ்தான் அதைக் கடையில் கொடுத்தாள், இரண்டு நாள் கழித்து அவளே வாங்கியும் வந்தாள். கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த உறையை வீட்டில் மகன் பிரித்தான். பிரித்தவன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கப்பலின் இரும்புக் கதவில் இடித்து, கடிகாரத்தின் ஆறு மணிப் பக்கத்தில் ஆழமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து மகன் விரல் வைத்துத் தடவிய கீறல். அது இப்போது இல்லை. கடிகாரம் வழவழவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அசல் பழைய தயாரிப்பு, சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குவது. அதை அமுக்கிவிட்டு, பார்க்க அதே மாதிரி இருக்கும் புதுத் தயாரிப்பு ஒன்றை நர்ஸ் வைத்துவிட்டாள் என்று மகன் முடிவே கட்டிவிட்டான். லென்ஸிடம் வந்தான்.

கடிகாரத்தைப் பரிசோதிக்க ஆள் தேடி லென்ஸ் அலைய வேண்டிய தேவையே இல்லை. மனைவியின் தம்பி, அவருடைய சொந்த மச்சான், பாலிஷ் பட்டறை வைத்திருந்தான். ஸ்டீல் விஷயத்தில் அவன் வார்த்தைதான் அவருக்கு வேதம். நேற்று மதியம் அவன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மாமா, இது வேற வாட்ச்" என்றான். "நீங்க சொல்ற ஆழத்துல ஒரு கீறல பாலிஷ் போட்டு எடுக்கவே முடியாது. எடுத்தா அந்த இடமே குழியாயிடும். இது புதுசு." லென்ஸ் அதை அப்படியே அறிக்கையில் எழுதினார்.

மகன் கொடுத்த புகாரில் அந்த நர்ஸ் காலை பத்து மணியிலிருந்து காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்குள் அறிக்கை கையெழுத்தோடு போய்ச் சேர்ந்தால் வழக்கு பதிவாகும். பதிவானால் அவளுடைய நர்ஸ் உரிமம் போய்விடும். அப்புறம் எந்த நோயாளி வீட்டு வாசற்படியையும் அவள் மிதிக்க முடியாது. இப்போது மணி இரண்டு பத்து.

"சொல்லித் தொலை" என்றார் லென்ஸ்.

பட்டாசு தன் கைப்பேசியை நீட்டினாள். அது தங்க நிறத்தில் ஸ்டீல் விளிம்பு போட்டது. ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் வெள்ளை.

"இது என்ன கோலம்?"

"கீறல் விழுந்துச்சேன்னு பாத்திரம் தேய்க்கிற பாலிஷ் போட்டுத் தேய்ச்சேன் சார். எவர்சில்வர்தானேன்னு நினைச்சேன். மேல இருந்தது வெறும் பூச்சாம். கீறலும் போச்சு, தங்கமும் போச்சு. அத விடுங்க, வீடியோவப் பாருங்க."

மகனிடம் ஒரு கையெழுத்து வாங்குவதற்காகக் காலையில் அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். கூடவே கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர் கையில் கொடுத்துப் படம் பிடித்திருக்கிறாள். திரையில் பெரியவர் கடிகாரத்தை மார்பில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். டக், டக். மகனைப் பார்த்தார். மறுபடியும் டக், டக்.

"இது பழைய செய்திதானே" என்றார் லென்ஸ். "தன்னோடது இல்லன்னு சொல்றார். அவர் மகனே சொன்னானே."

"மகன் சொன்னான். அவர் எங்க சொன்னார்? 'உங்களோடதா?'ன்னு கேட்டா தலையாட்டுறார். 'உங்களோடது இல்லையா?'ன்னு கேட்டா அதுக்கும் தலையாட்டுறார். எங்க பெரியப்பா கல்யாண வீட்டுல எல்லாருக்கும் தலையாட்டுற மாதிரி. தலைய விடுங்க சார், விரலப் பாருங்க. இருபத்திமூணு தடவ தட்டுறார். எண்ணிட்டேன். எல்லாமே ஒரே இடத்துல."

லென்ஸ் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினார். நாலு மணி எண்ணுக்கு வெளியே, கண்ணாடியின் ஓரம். உறையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேஜை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தார். தன் பெயருக்குக் காரணமான லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

அங்கே ஒரு சில்லு இருந்தது. எள்ளில் பாதி இருக்கும். கண்ணாடி ஓரத்தில் துளியூண்டு பெயர்ந்து போயிருந்தது.

"புது வாட்ச்சுல சில்லு" என்றாள் பட்டாசு. "கீறல் விழாத கண்ணாடின்னு பெருமையா விக்கிறாங்களே, அந்த ரகம்தானே இது?"

"கீறல் விழாது. ஸ்டீல விடக் கடினம். ஆனா ஓரத்துல அடி பட்டா சில்லுப் போயிடும்." லென்ஸின் குரல் மெதுவாகிவிட்டது. "ஸ்டீல்ல விழுந்த கீறலத் தேய்ச்சு எடுக்கலாம். இந்தக் கண்ணாடிய பாலிஷ் சக்கரத்துல வெச்சா சக்கரம்தான் தேயும். போன சில்லு போனதுதான்."

"அப்ப பெரியவர் 'இது என்னோடது இல்ல'ன்னு சொல்லல. 'அட மடப்பசங்களா, இது என்னோடதுதான், இங்க பாருங்கடா'ன்னு சொல்றார்."

லென்ஸ் அந்த ஓரத்தை மறுபடியும் பார்த்தார். அந்தச் சில்லு போன வாரம் கூடப் பட்டிருக்கலாம். பழைய சில்லு என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? ஒரே ஒரு இடம் இருந்தது. அந்த இடத்துக்கு அவர் இதுவரை போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"கடைக்குப் போகணும்" என்றார்.

"என்ன சார் சொல்றீங்க? கடையில விசாரிச்சாச்சுன்னு அறிக்கையில எழுதியிருக்கே?"

"மச்சான் விசாரிச்சான். 'எனக்குப் பழக்கமான கடை, நீங்க போய் நின்னா பயந்துடுவார், நானே கேட்டுச் சொல்றேன் மாமா'ன்னான். வாங்கினதையேதான் திருப்பிக் கொடுத்தோம்னு கடைக்காரர் சொன்னதா வந்து சொன்னான்."

பட்டாசு கார் சாவியை எடுத்தாள்.

கடிகாரக் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். கடைக்காரர் வழுக்கைத் தலையில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, இதுவா! கீறல் போனதுக்கு நன்றி சொல்ல வந்தீங்களா?"

லென்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டாசுதான் சுதாரித்துக்கொண்டாள்.

"ஆமாண்ணே. நன்றி சொல்லிட்டு, அந்தக் கீறல் எங்க போச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

"பாலிஷ் போடச் சொல்லி நான் எங்க கேட்டேன்? உடைஞ்ச பின்ன மட்டும் எடுக்கச் சொல்லித்தான் வெளி ஆள்கிட்ட கொடுத்தேன். வந்து பார்த்தா பளபளன்னு இருக்கு. இனாமா ஒரு பாலிஷ், யாராவது கோவிச்சுக்குவாங்களா? அப்படியே உறையில போட்டு ஒட்டி அந்தம்மா கையில கொடுத்துட்டேன்."

"முன்னாடி கீறல் இருந்ததுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று லென்ஸ் கேட்டார்.

கடைக்காரர் சற்று ரோஷத்தோடு சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். "பொருள் உள்ள வரும்போதே என்னென்ன குறை இருக்குன்னு எழுதிட்டுத்தான் சார் வாங்குவோம். இல்லன்னா நாங்கதான் கீறிட்டோம்னு சண்டைக்கு வருவாங்க. நீங்களே படிங்க."

கார்பன் தாளில் நீல எழுத்து கொஞ்சம் கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. செயின் பின் உடைந்து ஓட்டையில். ஆறு மணிப் பக்கம் ஆழக் கீறல். நாலு மணி ஓரம் கண்ணாடியில் சில்லு.

வரும்போது கீறலும் இருந்தது, சில்லும் இருந்தது. போகும்போது கீறல் இல்லை, சில்லு இருந்தது. கடிகாரம் மாறவே இல்லை. இல்லாத திருட்டுக்கு ஒருத்தியைக் காலையிலிருந்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் அங்கே காத்துக் கிடப்பது தன் மூன்று பக்க அறிக்கைக்காக என்று லென்ஸ் நினைத்துக்கொண்டார்.

"இவ்வளவு ஆழமான கீறல பாலிஷ் போட்டு எடுக்க முடியாதுன்னு சொன்னாங்களே" என்றார். தன் குரல் தனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது.

"எந்தக் காலத்துல இருக்கீங்க சார்? லேசர்ல உலோகத்த உருக்கிக் குழிய நிரப்பிட்டு, அப்புறம் வழிச்சு பாலிஷ் போடுவாங்க. எங்க ஆளு அந்த மெஷின் வாங்கி ஒரு வாரம்தான் ஆகுது."

"யாரு உங்க ஆளு?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "அது மட்டும் கேக்காதீங்க. வெளிய வேலை கொடுக்கிற ஆள் பேரச் சொன்னா வாடிக்கை நேரா அங்க போயிடும். எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான்."

"இந்த வாட்ச்சப் பத்தி வேற யாராவது வந்து விசாரிச்சாங்களா? நேத்து, முந்தாநாள்?"

"ஒருத்தரும் வரலையே. நீங்கதான் மொத ஆளு."

பட்டாசு லென்ஸைப் பார்த்தாள். லென்ஸ் அவளைப் பார்க்கவில்லை. சீட்டைப் படம் எடுக்கலாம் என்று தன் கைப்பேசியை எடுத்தார். அது வெள்ளை ஸ்டீல் விளிம்பு போட்ட பழைய கைப்பேசி. மாதம் ஒருமுறை மச்சான் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தேய்த்துத் தருவான். மற்றவர்கள் பொருளில் கீறல் இருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

கடைக்காரர் உரிமையோடு அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"அட, இது அவர் கைதானே சார்! பேரச் சொல்லு சொல்லுன்னு என்னப் படுத்துறீங்க, நீங்களே அவர்கிட்டதான் கொடுத்திருக்கீங்க!" கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்தார். "பாருங்க. மேல கோடு கோடா இருக்கு, பக்கவாட்டுல கண்ணாடி மாதிரி இருக்கு. ரெண்டும் சேர்ற முனைய மத்தவங்க எல்லாம் மழுங்க அடிச்சிடுவாங்க. இவர் மட்டும் முனைய விடாம, அது மேல மயிரிழையா ஒரு பளபளப்புக் கோடு இழுப்பார். கம்பெனிக்காரன் கூட இப்படிப் பண்ணி நான் பார்த்ததில்ல. அவருக்கு அதுல ஒரு தனிப் பெருமை."

இரண்டிலும் அந்தக் கோடு இருந்தது. லென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் இருந்தது. கைப்பேசியில் அந்தக் கோட்டை இரண்டு வருடமாகத் தினமும் விரலால் தடவிக்கொண்டு இருந்திருக்கிறார். நேற்று கடிகாரத்தில் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மச்சான்தான் பார்த்துவிட்டானே.

"சார்" என்று பட்டாசு மெதுவாகக் கூப்பிட்டாள். "உட்காருறீங்களா?"

"வேணாம். அந்தச் சீட்ட ஒரு நகல் எடுத்துக்க."

பட்டறையில் மச்சான் முகமூடி போட்டுக்கொண்டு பாலிஷ் சக்கரத்துக்கு முன்னால் நின்றிருந்தான். சுவரெல்லாம் கருஞ்சாம்பல் படிந்திருந்தது. மூலையில் புது லேசர் இயந்திரம் மேல் உறை முழுதாகக் கழற்றப்படாமல் பாதி மூடியிருந்தது. நேற்றும் அது அங்கேதான் இருந்திருக்கும். லென்ஸ் நேற்று அதற்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தார்.

"வாங்க மாமா! சக்கரத்த நிறுத்திட்டு வரேன். பட்டாசு மேடம், போனக் கொண்டாங்க, மிச்சம் இருக்கிற தங்கத்தையும் எடுத்துடலாம்."

பட்டாசு சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைப் பார்த்து அவன் முகமூடியைக் கழற்றினான்.

லென்ஸ் கடிகாரத்தை வேலைப்பலகையில் வைத்தார். "மச்சான், இதுல கீறல் எங்க போச்சு?"

"அதான் நேத்தே சொன்னேனே மாமா. இது வேற..."

சீட்டு நகலைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மச்சான் குனிந்து படித்தான். மூன்று வரிதான். ஆனால் வெகுநேரம் படித்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"எதுக்குத் தொட்ட? பின்ன மட்டும் தானே எடுக்கச் சொன்னாங்க?"

"கை நிக்கல மாமா." அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "அப்ப மெஷின் வந்து மூணு நாள்தான். அந்த மாதிரி ஒரு கீறல் தானா கைக்கு வந்து நிக்குது. அப்படியே திருப்பிக் கொடுக்க மனசே வரல. பார்த்தா சந்தோஷப்படுவாங்கன்னுதான் நினைச்சேன், சத்தியமா. அந்தக் கீறல் மேல ஒருத்தர் உசிர வெச்சிருப்பார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி. அதுவரைக்கும் உன்மேல எனக்குக் கோவம் இல்ல. நேத்து இந்த வாட்ச்ச நானே கொண்டு வந்து உன் கையில கொடுத்தேன். விஷயத்த மொத்தமா சொன்னேன். ஒரு பொம்பள மேல திருட்டுப் பட்டம்னு சொன்னேன். அப்பவும் உனக்கு அடையாளம் தெரியலையா?"

மச்சான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் நிற்காமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுது. திங்கக்கிழமை வாட்ச் கம்பெனிக்காரங்க வராங்க மாமா. அவங்க வாட்ச்செல்லாம் இனி என்கிட்டதான் பாலிஷுக்கு வரும். ஆனா வாடிக்கைக்காரர் எழுதிக் கொடுக்காம ஒரு பொருளத் தொட்டேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான், ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மாட்டாங்க. பத்து வருஷமா இதுக்குத்தான் மாமா நாய் படாத பாடு பட்டேன்."

"அதுக்கு அவ ஜெயிலுக்குப் போகணுமா?"

"அந்தம்மா யாருன்னே நமக்குத் தெரியாது, மாமா. என்னத் தெரியும்ல?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"நான் வேற ஒரு பாலிஷ்காரன்கிட்டயும் காட்டியிருந்தா?" என்று லென்ஸ் கேட்டார்.

"காட்ட மாட்டீங்கன்னு தெரியும்."

அவன் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. திமிராகவும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னான். அதுதான் லென்ஸுக்குப் பொறுக்கவில்லை. அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவர் அவர். இந்தப் பட்டறைக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பிழைப்பு நடத்தியவர் இவனை மட்டும் ஒருநாள் கூடச் சந்தேகப்பட்டதில்லை. அந்த ஒன்றைத்தான் அவன் எடுத்து உபயோகப்படுத்தியிருந்தான்.

"மாமா, திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க. கையெழுத்து ஆகட்டும். செவ்வாய்க்கிழமை நானே வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன். உங்க காலப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"அஞ்சு மணிக்கு அவ மேல கேஸ் பதிவாகுது."

"அக்காவ நினைச்சாவது..."

லென்ஸ் கடிகாரத்தை எடுத்து உறையில் போட்டார். சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

கார் முதல் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கைப்பேசி அடித்தது. மனைவி.

"தம்பி பேசினான்" என்றாள். "அழுறான்ங்க அவன். நீங்க எங்க இருக்கீங்க?"

"ஸ்டேஷனுக்குப் போயிட்டு இருக்கேன்."

"கொஞ்சம் நிதானமா யோசிங்க. அவன் ஒண்ணும் திருடல. கை அரிப்புல ஒரு கீறல எடுத்தான், அவ்வளவுதானே? ரெண்டு நாள். அந்த நர்ஸுக்கு நாமளே ஒரு வக்கீல் வெச்சுக் கொடுத்துடலாம், அப்புறம் கேஸ் தானா..."

அவள் பேச்சு நிதானமாக, ஏற்கெனவே யோசித்து வைத்தது போல வந்தது. அழுகிற தம்பியிடம் இப்போதுதான் கேள்விப்பட்டவள் இப்படிப் பேச மாட்டாள். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவருக்கு அதைக் கண்டுபிடிக்க லென்ஸ் எதுவும் தேவைப்படவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எது எப்பத் தெரியும்?" என்றாள்.

"எப்பத் தெரியும்னு கேட்டேன்."

"நேத்து மத்தியானம். நீங்க அங்கிருந்து கிளம்பின உடனே போன் பண்ணினான்."

நேற்று சாயங்காலம்தான் அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தார். அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். முடித்ததும் எப்போதும் போல வாங்கிப் படித்தாள். நர்ஸ் கடிகாரத்தை மாற்றியிருப்பது உறுதியாகிறது என்ற வரியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அவள்தான் திருத்திக் கொடுத்தாள்.

லென்ஸ் இணைப்பைத் துண்டித்தார். பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பட்டாசு வண்டியை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டும்மா" என்றார். "ஓட்டு. நேரம் ஆகுது."

அவள் ஓட்டினாள். கொஞ்ச தூரம் போனதும், "சார், நான் ஏதாவது ஜோக் சொல்லட்டுமா, இல்ல சும்மா வரட்டுமா?" என்று கேட்டாள்.

"சும்மா வா."

"சரி சார்" என்றாள். ஸ்டேஷன் வாசல் வரை அப்படியே வந்தாள்.

நாலு நாற்பதுக்கு இன்ஸ்பெக்டர் மேஜையில் லென்ஸ் தன் கையால் எழுதிய இரண்டு பக்கத்தை வைத்தார். கடிகாரத்தையும் சீட்டையும் வைத்தார். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. முழுவதும் படித்துவிட்டு, ஒரு பெயரின் மேல் பேனா முனையை வைத்தார்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சான். மனைவியோட தம்பி."

"பொய்ச் சாட்சி சொன்னதா இவர் மேல கேஸ் வரும். தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்களா?"

"தெரியும். என் பேரையும் மேல எழுதியிருக்கேன். சோதிக்காம அறிக்கை தயார் பண்ணினது நான்."

இன்ஸ்பெக்டர் வெளியே பெஞ்சைக் காட்டினார். "அவங்கள அனுப்பிடறோம். போய் நீங்களே சொல்லுங்க."

நர்ஸ் மடியில் கைப்பையை வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சீருடையில் கசங்கல் கூட இல்லை. லென்ஸ் எதிரே நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மச்சான் பெயரைச் சொன்னார். மனைவிக்குத் தெரிந்திருந்ததையும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் சொன்னார்.

"என்ன மன்னிச்சிடுங்கம்மா."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் சார்" என்றாள் அவள். "நான் முன்னாடி வேலை பார்த்த வீட்டுக்கெல்லாம் போன் பண்ணி, இவங்க கை சுத்தமான்னு கேட்டீங்களாமே?"

லென்ஸ் தலையசைத்தார். முந்தாநாள் கேட்டிருந்தார். விசாரணை என்றால் அதுதானே முதல் வேலை.

"அஞ்சு வீடு. ஒரு வீட்டுல அவங்க அம்மா என் மடியிலதான் செத்தாங்க. அந்தப் பொண்ணு நேத்து எனக்கு போன் பண்ணி, அக்கா, எங்க அம்மா வளையல் ஒண்ணு கிடைக்கலையே, உங்களுக்குத் தெரியுமான்னு கேக்குது. ஆறு வருஷம் கழிச்சு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "என்ன வெளிய விட்டுட்டீங்க, சரி. அவங்களுக்கெல்லாம் யாரு சொல்லுவா?"

லென்ஸ் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பேசியை எடுத்தார். எடுக்கும்போதே அது அடித்தது. திரையில் மனைவியின் பெயர். துண்டித்தார். மறுபடியும் அடித்தது. மறுபடியும் துண்டித்தார். பிறகு அந்த வளையல் வீட்டு எண்ணைத் தேடி எடுத்து அழுத்தினார்.

"வணக்கம்மா. முந்தாநாள் உங்க பழைய நர்ஸப் பத்தி விசாரிச்சேனே, அந்த ஆள்தான் பேசறேன். அவங்க எதையும் எடுக்கலம்மா. எந்தத் தப்பும் பண்ணல. நான் கேட்டதே தப்பு."

அப்படியானால் கடிகாரத்தை யார் எடுத்தது என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"வாட்ச்ச யாரும் எடுக்கல. பொய் சொன்னது எங்க வீட்டு ஆளுங்க" என்றார். பிறகு பேசி முடித்துவிட்டு, அடுத்த வீட்டு எண்ணைச் சொல்லச் சொல்லி நர்ஸ் பக்கம் திரும்பினார்.